வற்றக் காய்ச்சிய தண்ணீர்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது கண்ணு. நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், நடுவில் ஏதாவது விட்டுவிடுவேன், கடைசியில் பார்த்தால் நான்தான் கெட்டவளாக நிற்பேன். என் மகளிடம் சொன்னபோதும் அப்படித்தான் ஆனது. எதிர்வீட்டில் சொன்னபோதும் அப்படித்தான் ஆனது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்க முடியாது. கைக்குழந்தைக்காரி நீ. பால் பவுடர் கலக்க ஒரு வாய் தண்ணீர்தான் கேட்டாய். என் மடியில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. நான் அதை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன். பஸ்ஸே பார்த்தது. அந்தக் கண்டக்டர் பார்த்த பார்வையை நீயும் பார்த்திருப்பாய். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னவள் நல்ல கதிக்குப் போவாளா, சொல்.

நல்லவேளை, முன் சீட்டுக்காரர் அவருடைய பாட்டிலைக் கொடுத்தார். உன் பிள்ளையும் குடித்துவிட்டுத் தூங்குகிறது. தூங்கட்டும். காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள், கீழே என் பையில் பிளாஸ்க் இருக்கிறது, கண்ணாடி, பட்டென்று போய்விடும்.

நான் கொடுக்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேன். என் பேத்தி தலையில் கை வைத்துச் சத்தியம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் வீட்டுக்காரர் பேர் மாரப்பன். புளி உலுக்குகிற ஆள். எங்கள் பக்கம் ரோடெல்லாம் புளியமரம் பார்த்திருப்பாய், மாசி பங்குனி வந்தால் மரத்தை ஏலம் எடுத்தவர்கள் இவரைத்தான் தேடி வருவார்கள். கிளை நுனி வரைக்கும் போய்க் காலால் மிதித்து உலுக்குவார். கீழே நிற்கிறவர்களுக்கு மரத்தில் ஆள் இருப்பதே தெரியாது, மழை மாதிரிப் புளிதான் கொட்டும். அப்படி இருந்த மனுசன். கொஞ்சம் கொஞ்சமாக முட்டி மடங்காமல் போனது. பிறகு இடுப்பு. பிறகு கழுத்து. யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாது, மாட்டுவண்டியைத் திருப்புகிற மாதிரி ஆளே முழுசாகத் திரும்புவார். எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் திரும்புவார்கள். அதை நாங்கள் ஒரு நோயாக நினைத்ததே இல்லை. உழைத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்போம்.

பல்லும் அப்படித்தான். என் பல்லைப் பார்க்காதே, பழுப்பாகக் கறை ஏறிக் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் கை வாய்க்குப் போய்விடும். என் மகள் கௌசல்யா கல்யாண போட்டோவில்கூட உதட்டைத் திறக்கவில்லை. போட்டோக்காரன், “கொஞ்சம் சிரிங்க மேடம், மாப்ள பயப்படறாரு” என்றான். அவள் அப்போதும் திறக்கவில்லை.

தண்ணீரைச் சொல்லாமல் எங்கோ போகிறேன் பார். இதைத்தான் பயந்தேன்.

கௌசல்யாவுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் இருந்தான். வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டான். அப்போது ஒரு நர்ஸம்மா வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தண்ணியக் காய்ச்சிக் குடுத்தியா, பச்சையாக் குடுத்தியா?” பச்சையாகத்தான் கொடுத்தேன் என்றேன். அவள் பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன் கண்ணு.

அன்றிலிருந்து என் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் யார் வாய்க்கும் போனதில்லை. ஒரு கொதி வந்தால் போதும் என்பார்கள். எனக்குப் போதாது. கஷாயம் எப்படி வைப்போம்? எட்டுப் பங்கு ஊற்றி ஒரு பங்காக வற்ற வைத்தால்தான் அதற்குப் பேர் மருந்து. சும்மா கொதித்தது வெந்நீர்தானே. நானும் அப்படித்தான், பெரிய அலுமினியக் குண்டான் நிறைய எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி, புளியஞ்சுள்ளி வைத்து எரித்து, அடி மட்டத்துக்கு வரும்வரை விடமாட்டேன். கெட்டதெல்லாம் ஆவியோடு ஓடிவிடும். ஓடாதது குண்டானில் வெள்ளையாகப் படியும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவ்வளவு அழுக்கு. காய்ச்சாதவர்கள் அதையெல்லாம் வயிற்றில் அல்லவா ஊற்றிக்கொள்கிறார்கள்.

ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக் குழாயில் வந்து சில வருஷம் ஆகிறது. ஊரே குடத்தோடு நிற்கும். நான் போகமாட்டேன். அதில் ஒரு மருந்து வாசனை. எங்கிருந்தோ குழாய்க்குள் இருட்டிலேயே வருகிறது, வழியில் எதைத் தொட்டு வருகிறது என்று யார் பார்த்தது? எங்கள் போர் என் கண் முன்னால் போட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். இளநீர் போல லேசாக இனிக்கும்.

கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சேலத்துப் பக்கம் கொடுத்திருக்கிறேன். வந்த அன்றைக்கே, “அம்மா, நான் இருக்கற வரைக்கும் எனக்குக் குழாத் தண்ணிதான். போர் தண்ணி வேணாம்” என்றாள்.

“இத்தன வருசம் எதக் குடிச்சு வளந்த?” என்றேன்.

வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். “இதக் குடிச்சுதான்” என்றாள்.

புருசன் வீட்டில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்தால் இப்படித்தான். பிள்ளைத்தாய்ச்சியிடம் என்ன பேசுவது.

பெண் குழந்தை பிறந்தது. இவளுக்குப் பால் பத்தவில்லை. டாக்டர் பவுடர் எழுதிக் கொடுத்தார். உனக்கும் அப்படித்தானா? ம். பவுடர் என்றால் தண்ணீர் வேண்டுமே. அவள் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தனிச் சொம்பில் மூடி வைப்பாள். ஒரு கொதிதான். இரண்டு கை அகலம்கூட இல்லாத உடம்பு, அதற்கு ஒரு கொதித் தண்ணீரா? அவள் கண்ணயர்ந்ததும் அந்தச் சொம்பைக் கொட்டிவிட்டு என் குண்டான் தண்ணீரை ஊற்றி வைத்துவிடுவேன். பேத்திக்கென்று தனியாக இன்னும் வற்ற வைத்த தண்ணீர். இதில் என்ன தப்பு? நீயே சொல். வேண்டாம், இப்போது சொல்லாதே, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

அந்தச் சமயத்தில்தான் ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கிற பெண் வந்தாள். ஹேமலதா என்று பேர். எங்கள் ஊர் மருமகள்தான், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியோடு ஒவ்வொரு வீட்டு போரையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கௌசல்யாதான் உள்ளே கூப்பிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். வாம்மா, நல்லாப் பாரு, என்று சொம்பைத் துலக்கி நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு குப்பியில் குழாய்த் தண்ணீர், ஒரு குப்பியில் போர் தண்ணீர், மூன்றாவதில் நான் காய்ச்சியது. அதை நான்தான் வற்புறுத்தி வைக்கச் சொன்னேன். ஊருக்குத் தெரியட்டுமே என்று.

மூன்றிலும் ஏதோ மருந்தைச் சொட்டினாள். குழாய்த் தண்ணீர் ரோஸ் கலரில் நின்றது. போர் தண்ணீர் மஞ்சளாகத் திரும்பியது. என் தண்ணீர் இருக்கிறதே, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அரைத்த மஞ்சளைக் கரைத்த மாதிரி.

எனக்கு மனசு நிறைந்து போனது. மஞ்சள் என்றால் மங்களம் அல்லவா. “பாத்தியாடி” என்றேன் கௌசல்யாவைப் பார்த்து.

ஹேமலதா என்னைப் பார்க்கவில்லை. கௌசல்யாவைத்தான் பார்த்தாள். “அக்கா, ரோஸா இருந்தாதான் நல்ல தண்ணி. மஞ்சளா ஆக ஆக புளோரைடு அதிகம்னு அர்த்தம். ஒண்ணரைக்கு மேல போகக் கூடாது. உங்க போர் நாலு காட்டுது. இந்தக் காய்ச்சின தண்ணி, இந்த அட்டையில இருக்கற கலரையே தாண்டிப் போயிடுச்சு” என்றாள்.

ஒன்றரையாம். ஒன்றரை என்ன? படியா, ஆழாக்கா? லிட்டருக்கு இத்தனை என்று ஏதோ சொன்னாள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது என்று எனக்கு ஏறவில்லை.

“காய்ச்சினா எப்படிம்மா அதிகமாகும்? காய்ச்சினா கெட்டது போவும்” என்றேன்.

“கிருமி சாவும்மா. அதுக்கு ஒரு கொதி போதும். புளோரைடு கிருமி இல்ல, உப்பு மாதிரி. ஆவியாப் போறது வெறும் தண்ணிதான். இது அடியிலயே தங்கிடும். ரசம் அடுப்புல சுண்டிப் போச்சுன்னா கரிக்குமா, சப்புன்னு இருக்குமா?”

“கரிக்கும்.”

“அதேதான்.”

“நான் ரசமா காய்ச்சறேன்? தண்ணிதான காய்ச்சறேன்” என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கை வாய்க்குப் போனது. கல்யாணமாகி வந்தவள்தான், ஆனால் பிறந்த ஊரும் எங்கள் பக்கம்தானே. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு தெரிந்தவள் பல் மட்டும் ஏன் அப்படி இருக்கிறது? சொல்லவில்லை, நினைத்தேன். குப்பியைச் சரியாகக் கழுவியிருக்கமாட்டாள். இல்லாவிட்டால் எது என் தண்ணீர் என்று தெரியாமல் மாற்றி வைத்திருப்பாள். காய்ச்சு காய்ச்சு என்று சொன்னதும் இவர்கள் ஆட்கள்தான். ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காய்ச்சாதே என்றால்?

ஹேமலதா போன பிறகு கௌசல்யா பால் கலக்கிற தண்ணீர்ச் சொம்பைத் திறந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அதில் அந்த மருந்து வாசனை இல்லையே, அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

“அம்மா. பாப்பாவுக்கு எந்தத் தண்ணில பால் கலந்த?”

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மா, உன்னத்தான் கேக்கறேன்.”

“நல்ல தண்ணிலதான்” என்றேன்.

அவள் கத்தவில்லை கண்ணு. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். புருசனுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். மூன்றாம் மாசம் முடிந்து, தொட்டில், பாத்திரம், வெள்ளி அரைஞாண் எல்லாம் வைத்து, நாலு பேர் வந்து அழைத்துப்போவதுதான் எங்கள் வழக்கம். என் மகள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதற்குள் கிளம்பிவிட்டாள். அரைஞாண் கட்டவில்லை. தருமபுரிக் கடையில் கொடுத்த ரோஸ் காகிதத்திலேயே இன்னும் இருக்கிறது, பிரிக்கவே இல்லை. வாசலில் வைத்துத்தான் சத்தியம் வாங்கினாள். என் கையைப் பிடித்துக் குழந்தை தலையில் வைத்து, “இனிமே எந்தக் கொழந்த வாயிலயும் உங் கையால தண்ணி வெக்க மாட்டேன்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன். பேத்தி தலை சூடாக இருந்தது. உள்ளங்கைக்குள் அது துடித்தது. சொன்னேன்.

அதனால்தான் நீ கேட்டபோது மறைத்தேன். புரிகிறதா? என் தண்ணீரில் குற்றம் என்று இல்லை. சத்தியம்.

குழந்தை என்றுதான் சொன்னாள். பெரியவர்களைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை போகிற போக்கில் என் வீட்டுக்காரரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஏறும்போது காலை மடக்க முடியாமல், ரெண்டு பேர் பிடித்து, பலகையைத் தள்ளுகிற மாதிரித்தான் உள்ளே தள்ளினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புளியமர நுனியில் நின்ற கால் அது.

போட்டோ எடுத்துப் பார்த்த டாக்டரும் அதே பல்லவிதான். எலும்பெல்லாம் தண்ணீரால் இப்படி ஆகிவிட்டதாம். முழுசாகச் சரியாகாது, ஆனால் நல்ல தண்ணீர், பால், முட்டை, கீரை, தினம் பயிற்சி என்று இருந்தால் வலி குறையும், கம்பைப் பிடித்து நடப்பார் என்றார். நடந்தால் போதும். எனக்கு அது போதும் கண்ணு. கௌசல்யாவும் போனில் அதைத்தான் சொன்னாள். “அப்பா நடந்து வீட்டுக்கு வரட்டும், நான் பாப்பாவத் தூக்கிட்டு வரேன்.” அன்றைக்கு அரைஞாணைக் கட்டிவிடுவேன். இவர் நடப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வார்டு வராண்டாவில் ஒரு தண்ணீர் மிஷின் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பட்ட நோயாளியும் அதில்தான் பிடிக்கிறார்கள். அதை இவருக்குக் கொடுப்பேனா? தினமும் வீட்டிலிருந்து நான் காய்ச்சியது ஒரு பாட்டில். முதல் நாள் இவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாதம்மா, டாக்டரு இது வேணாம்னாரே” என்றார்.

“டாக்டரா உங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளறாரு?” என்றேன்.

என்னிடம் அவர் எதிர்த்துப் பேசியதே இல்லை, தங்கமான மனுசன். “சரி, வச்சிட்டுப் போ, குடிக்கிறேன். நீ கீழ போயி டீ வாங்கிட்டு வா” என்பார். தினமும் நான் வந்ததும் டீ கேட்டுவிடுவார். முன்பெல்லாம் அவ்வளவு டீ குடிக்கிற ஆள் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் இந்தப் பழக்கம். நான் கீழே போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருவதற்குள் பாட்டில் காலியாக இருக்கும். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்த லாரி டிரைவர் ஒருத்தர், பச்சமுத்து என்று, எப்போதும் நக்கல்தான். “அண்ணன் குடிக்கற வேகத்தப் பாக்கணுமே அக்கா. ஒட்டகம் தோத்துப் போயிடும்” என்பார். இவர் அவரை முறைப்பார்.

அந்த வார்டில் சுத்தம் போதாது. இவர் கட்டில் பக்கத்து ஜன்னலில் பெயிண்ட் டப்பாவில் ஒரு சோற்றுக் கற்றாழை வைத்திருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் மண் சகதியாகத்தான் இருக்கும். கற்றாழைக்கு யாராவது இவ்வளவு தண்ணீர் ஊற்றுவார்களா? அடி அழுகிச் சாய்ந்துவிட்டது. கூட்டுகிற அம்மாவிடம் சொன்னேன். “நான் அதத் தொடறதே இல்லம்மா” என்று என்மேலேயே பாய்கிறாள்.

ஆனால் கேள். இதைத்தான் சொல்ல வந்தேன். போன வாரம் ஒரு நாள் நான் டீயோடு உள்ளே வருகிறேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை மட்டும். உடம்பு அப்படியே இருக்கிறது, தலை மட்டும் என் பக்கம் திரும்புகிறது. எத்தனை வருஷம் ஆனது தெரியுமா அப்படிப் பார்த்து? டீ என் கையெல்லாம் கொட்டிவிட்டது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

இப்போது கம்பைப் பிடித்துக் கக்கூஸ் வரைக்கும் தானே போகிறார். தலை திரும்பிய அன்றைக்கே கௌசல்யாவுக்குப் போன் போட்டேன். “பாத்தியா, நம்ம தண்ணிதான் அப்பாவ எழுப்பி உட்கார வச்சிருக்கு” என்றேன். “போனை அப்பாகிட்ட குடும்மா” என்றாள். அப்பனும் மகளும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என்னங்க என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பச்சமுத்து போர்வையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குலுங்கினார். சிரிக்கட்டும். ஜெயித்தவள் நான்தானே.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “இதோட முக்கியமான கட்டம் இதுதாம்மா. இனிமே கெட்ட தண்ணி ஒரு வாய்கூட உள்ள போகக் கூடாது. போச்சுன்னா பழையபடி ஆயிடுவாரு. நீங்கதான் பாத்துக்கணும்” என்றார். என்னை நம்பித்தானே சொல்கிறார்.

எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது. இத்தனை நாளும் நான் ஒன்றைக் கவனிக்கவே இல்லையே. இவ்வளவு பாடுபட்டு வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறேன், தினமும் என் கையாலேயே கடை டீயை வாங்கி ஊற்றியிருக்கிறேன். அந்த டீக்கடைக்காரன் எந்தத் தண்ணீரில் போடுகிறான்? டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறான், ஆற்றுத் தண்ணீரோ என்ன தண்ணீரோ. அதைக் குடித்துத்தான் இவருக்கு முட்டி இன்னும் முழுசாக மடங்கவில்லை. வீடு போய்ச் சேருகிறவரைக்கும் நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

அதனால் இன்றைக்கு விடியும்போதே எழுந்து இரண்டு அடுப்பு மூட்டினேன். ஒன்றில் இந்தப் பாட்டிலுக்கு, வழக்கத்தைவிட இன்னும் வற்ற விட்டேன், குண்டான் அடியில் இவ்வளவுதான் நின்றது. இன்னொன்றில் அதே தண்ணீரில் டீ போட்டு, இதோ உன் காலடியில் இருக்கிற பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன். இனிமேல் நான் கீழே போக வேண்டிய வேலையே இல்லை. அவர் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் என் கண் முன்னால் குடிக்க வைத்துவிட்டு, பிறகு டீயையும் ஊற்றிக் கொடுக்கப்போகிறேன்.

என்ன கண்ணு, பிளாஸ்க்கை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாய்? விடு. ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துவிட்டது. நான் வருவேன், டீ வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.